100 எம்பிபிஎஸ் பிளான், கையில் வருவது 35: நெட் வேகக் கேள்விகளும் பதிலும்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஃபைபர், அதாவது ஒளியில் நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை, இழுப்பதும் ஒட்டுவதும்தான் என் வேலை. பிளானில் சொன்ன வேகம் (எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட்) ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணே, 100 எம்பிபிஎஸ் பிளான். மாடி அறையில் வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 35தான். ஏமாற்றுகிறார்களா?

அதற்குள் அந்த முடிவுக்குப் போகாதீர்கள் தம்பி. மற்ற போன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் மோடத்தோடு நேராக இணைத்து டெஸ்ட் போடுங்கள். 90க்கு மேல் வந்தால் லைன் சரி, குறை வீட்டுக்குள். நான் பார்க்கப் போகும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன.

வைஃபை இரண்டு அலைவரிசையில் வரும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது துவண்டுவிடும். 2.4 தாண்டும், வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். பக்கத்து வீட்டு வைஃபைகளும் அதற்குள்ளேயே நெருக்கும். கேபிள் மிச்சமாகும் என்று மோடத்தை வாசல் மூலையில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். விடாதீர்கள், நடு ஹாலில் வைக்கச் சொல்லுங்கள். மாடிக்கு லேன் கேபிள் இழுத்துத் அங்கே வைஃபை கொடுக்கத் தனிக் கருவி (ஆக்சஸ் பாயின்ட்) போடுவதுதான் நிலையான வழி.

தக்கலையிலிருந்து: 200 பிளான். கேபிளில் போட்டாலும் எப்போதும் 94தான்.

அந்த 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் டெஸ்ட் போட்டால் கையில் வருவது அவ்வளவுதான். எங்கோ 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் போர்ட் (கேபிள் செருகும் இடம்) இருக்கிறது, அல்லது லேன் கேபிளின் 8 கம்பிகளில் 4 மட்டுமே சேர்கின்றன. நல்ல கேட் 5இ கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

குளச்சலிலிருந்து: டவுன்லோட் 12 எம்பிதான் காட்டுது.

100 பிளான் என்றால் அது சரியான வேகம், மக்களே. பிளான் பிட் கணக்கு, டவுன்லோட் பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5.

கருங்கலிலிருந்து: ராத்திரி 8 மணிக்கு மேல் படுத்துவிடுகிறது.

பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் சுமார் 2.5 கிகாபிட் வரும் ஓர் இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அதற்கு மேலே கம்பெனி வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவு போதாவிட்டாலும் இரவில் திணறும். “100 வரை” என்று விளம்பரத்தில் போடும் அந்த ‘வரை’ இதற்காகத்தான். காலை 6க்கும் இரவு 9க்கும் கேபிளில் டெஸ்ட் போட்டு ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு பேசினால் தட்டிக்கழிக்க முடியாது.

குலசேகரத்திலிருந்து: மழை வந்தாலே போச்சு, அண்ணே.

இழைக்குள் போகும் ஒளியை மழை ஒன்றும் செய்யாது. ரப்பர் மரக்கிளை கேபிளை அழுத்தி மடக்கியிருக்கும், அல்லது ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். வருகிறவரிடம் பவர் மீட்டரில் டிபிஎம் அளவு, அதாவது வந்து சேரும் ஒளியின் பலம், கேளுங்கள். -25க்குக் கீழே, அதாவது -26, -27 என்று இருந்தால் ஒட்டுகளைப் பார்த்துச் சரிசெய்தே ஆகவேண்டும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.