எட்டில் ஒன்று

அன்புள்ள சார்,

கோவையில் எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் கேஸ் ஸ்டடி வகுப்பில், அதாவது ஒரு கம்பெனி எடுத்த முடிவை அலசும் வகுப்பில், வீடியோ வாடகைக் கடைகள் நடத்திய பிளாக்பஸ்டர் கம்பெனியைப் பற்றிப் படித்தோம். 2000இல் நெட்ஃபிளிக்ஸை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லியும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது, நானும்தான். விடுதிக்கு வந்த பிறகு உறுத்தியது. முடிவு தெரிந்த கதையில் யார்தான் புத்திசாலி இல்லை? இதைப் படித்து என்ன கற்றுக்கொள்கிறோம்?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். 2000இல் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த, நட்டத்தில் ஓடிய சிறு கம்பெனி. டாட்காம் எனப்பட்ட இணையக் கம்பெனிகளின் பங்குகள் மளமளவென்று சரிந்த வருடம் வேறு. அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் கேஸ் ஸ்டடியே வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இன்டெல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் தொடங்கி, மெமரி சிப் விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி. 1980களில் ஜப்பான்காரர்கள் தரத்திலும் விலையிலும் முந்திவிட்டார்கள். 1985இன் நடுவில் ஒருநாள் கம்பெனியின் பிரசிடென்ட் ஆண்டி குரோவின் அறையில் தலைவர் கார்டன் மூர் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே, தூரத்துக் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் சுற்றுகிறது. நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்கிறார். மெமரியை விட்டுவிடுவார் என்கிறார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய், திரும்ப உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்கிறார் குரோவ்.

சொல்வதற்கு அருமையான காட்சி. பல வருடம் நானும் இதைத் துணிச்சலான தலைவர்களின் கதையாகவே நண்பர்களிடம் சொல்லிவந்தேன். அப்புறம்தான் குரோவ் தன் கைப்பட எழுதியதையும், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் பர்கல்மனின் ஆய்வையும் படித்தேன். மெமரியை விடுவதென்று மேலிடம் முடிவெடுத்த நேரத்தில், இன்டெலின் 8 ஆலைகளில் ஒன்றே ஒன்றில்தான் மெமரி தயாராகிக்கொண்டிருந்தது!

மற்ற ஆலைகளை மாற்றியது யார்? கணக்குப் பிரிவும் உற்பத்தித் திட்டப் பிரிவும். ஒரு சிலிக்கான் தகட்டை இயந்திரத்தில் ஏற்றினால் எந்த சிப்பில் அதிக லாபம் நிற்கும் என்பதே அவர்கள் பார்த்த கணக்கு. கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் சிப்பில் நின்றது, மெமரியில் நிற்கவில்லை. அதனால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தகடுகளை அந்தப் பக்கம் தள்ளினார்கள். யாரும் மேடை போட்டு அறிவிக்கவில்லை. மேலே இருந்தவர்களுக்கோ மெமரிதான் கம்பெனியின் அடையாளம். அதில்தான் தொழில்நுட்பமே பழகுகிறோம், எல்லாச் சரக்கும் கையில் இருந்தால்தான் விற்பனைக்குப் போக முடியும் என்று மதநம்பிக்கை போல நம்பினார்கள். அந்த அறைப் பேச்சுக்குப் பிறகும்கூட குரோவ் உடனே வெட்டிவிடவில்லை. விற்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு மெமரி சிப்புக்கு ஆராய்ச்சி தொடரட்டும் என்று விட்டுவைத்தார். கடைசியில் விற்பனை ஆட்கள் தயங்கித் தயங்கி வாடிக்கையாளர்களிடம் போய்ச் சொன்னபோது, 'இதற்கு இவ்வளவு நாளா?' என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்குக் கேஸ் ஸ்டடி பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். தலைவர் என்ன முடிவெடுத்தார் என்பது எல்லார் கண்ணிலும் படும். அதற்கு முன்பே கீழே யார் கை எதை நகர்த்திக்கொண்டிருந்தது, எந்தக் கணக்கைப் பார்த்து நகர்த்தியது என்பதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பல கேஸ்களில் அது பின்னிணைப்பு அட்டவணையில் கிடக்கும். வகுப்பில் பேச நேரம் இருக்காது.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த கேஸில் முடிவெடுக்க வேண்டிய பக்கம் வந்ததும் மூடிவைத்துவிட்டு, உங்கள் முடிவையும் காரணத்தையும் பேனாவால் எழுதுங்கள். அப்புறம் பின்பக்க அட்டவணைகளுக்குப் போய், பணமும் ஆட்களும் ஏற்கெனவே எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அதைப் பற்றி எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.