அப்பா அந்த வார்த்தையை யார்கிட்ட சொன்னார்?

ஐயா, அப்பா கடைசியா "அம்மாவைப் பாத்துக்கோ"ன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னார். அண்ணன் அது தன்கிட்ட சொன்னதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். எனக்குப் படம் மாதிரி கண்ணு முன்னாடியே நிக்குது. அண்ணன் பொய் சொல்றானா? யார் சொல்றது நிஜம்னு ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிப்பாங்களா? ஞாபக சக்திக்குப் பயிற்சி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

அன்புள்ள தங்கச்சிக்கு,

துக்கம் ஆறுறதுக்குள்ள இப்படி ஒரு சண்டை வந்திருக்கவே வேணாம். படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. பயிற்சியை விடுங்க, அது லிஸ்ட் மனப்பாடம் பண்ண உதவும், இதுக்கு உதவாது.

கொஞ்ச நாளா நான் அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசரைப் பத்தியேதான் யோசிச்சிட்டிருக்கேன். 1967ல புத்தகம் எழுதி ஞாபகம், சிந்தனை இதெல்லாம் மனசுல எப்படி நடக்குதுன்னு ஆராயற காக்னிட்டிவ் சைக்காலஜிங்கற துறையோட பேரையே நிலைநிறுத்தின மனுஷன், 1978ல ஒரு மாநாட்டுல எழுந்து நின்னு, இத்தனை வருஷமா லேப்ல ஞாபகத்தை ஆராய்ஞ்சோமே, வாழ்க்கையில ஜனங்க கேக்கற முக்கியமான கேள்வி எதுக்காவது நம்மகிட்ட பதில் இருக்கான்னு தன் ஆளுங்களையே கேட்டார். உங்க கேள்வி அந்த ரகம்.

ஆனா "படம் மாதிரி நிக்குது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வருது. பளிச்சுனு தெரியறதாலேயே அது நிஜமாயிடுமா? 1986 ஜனவரி 28 அமெரிக்காவோட சாலஞ்சர் விண்கலம் வெடிச்சுது. மறுநாள் காலையிலேயே நைசர் எமரி பல்கலைக்கழக மாணவர்கள்கிட்ட ஒரு தாளைக் குடுத்து, சேதி எப்படித் தெரிஞ்சுது, எங்க இருந்தீங்க, கூட யாருன்னு எழுத வச்சார். ரெண்டரை வருஷம் கழிச்சு அதுல 44 பேர்கிட்ட அதையே திரும்பக் கேட்டாங்க. 11 பேர் எழுதினதுல ஒரு விஷயம்கூட முதல் தாளோட ஒத்துப்போகல. கிளாஸ்ல யாரோ பேசிக்கிட்டதைக் கேட்டுத் தெரிஞ்சுதுன்னு முதல்ல எழுதின பொண்ணு, ஹாஸ்டல் ரூம்ல டிவியில பாத்தேன்னு உறுதியா எழுதியிருந்துது. பொய் இல்லம்மா, அந்தப் பொண்ணு அதை மனசார நம்புச்சு. அப்புறம் அவங்கவங்க எழுதின பழைய தாளையே எடுத்துக் காமிச்சாங்க, சொந்தக் கையெழுத்து, அதைப் பாத்தும் பழசு யாருக்கும் திரும்பி வரல, அது போனது போனதுதான், சிலர் இப்ப ஞாபகம் இருக்கறதுதான் நிஜம்னு பிடிவாதமா நின்னாங்க. உங்களுக்கும் அண்ணனுக்கும் அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது, அப்புறம் எந்த தைரியத்துல அவரைப் பொய்யன்னு சொல்றீங்க? துறையையே கட்டின நைசரும் இதுக்கு விலக்கில்ல. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர்ங்கற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கின சேதி வந்தப்ப ரேடியோவுல பேஸ்பால் கேட்டுக்கிட்டிருந்ததா பல வருஷம் நம்பிக்கிட்டிருந்தார், அப்புறம்தான் டிசம்பர்ல பேஸ்பாலே கிடையாதேன்னு அவருக்கே உறைச்சுது.

இதைக் கேட்டு எல்லாமே பொய்னு ஒடிஞ்சு போயிடாதீங்க. வாட்டர்கேட்ங்கற அமெரிக்க அரசியல் ஊழல் விசாரணையில, அதிபர் நிக்சனோட வெள்ளை மாளிகை வக்கீலா இருந்த ஜான் டீன் 1973ல குடுத்த சாட்சியத்தை, நிக்சன் ரகசியமா பதிவு பண்ணின டேப்போட நைசர் ஒப்பிட்டார். ஒரு மீட்டிங்ல நிக்சன் பேசினதா டீன் சொன்னது டேப்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா நிக்சனுக்கு எல்லாம் தெரியும், மூடி மறைச்சாங்கன்னு அவர் சொன்ன அடிப்படை விஷயம் நிஜம். எங்க பாட்டியும் அப்படித்தான், ஒரே கதையில ஒருதடவை மாமா வருவார், இன்னொரு தடவை சித்தப்பா வருவார், ஆனா அந்த வருஷம் வீட்டுல பட்ட கஷ்டம் மாறாது. பேரப்பசங்க நாங்க யாரும் பாட்டி பொய் சொல்றாங்கன்னு நினைச்சதில்ல.

அம்மாவைப் பத்தின கவலை அப்பாவுக்கு இருந்துதுங்கறதுல உங்க ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்லையே. ஒருவேளை ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருப்பார், சாகப்போற மனுஷன் ஒரே பேச்சை நாலு தடவை சொல்லமாட்டாரா? யார் கையைப் பிடிச்சார்ங்கறதை எந்த ஆராய்ச்சிக்காரராலயும் இப்ப சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது.

இன்னைக்கே அண்ணனுக்கு போன் பண்ணுங்க. யார்கிட்ட சொன்னார்னு ஆரம்பிக்காதீங்க. நீங்க ரூம்ல இல்லாத நேரத்துல அப்பா எப்படி இருந்தார், என்ன கேட்டார்னு கேளுங்க, குறுக்க பேசாம கேளுங்க. அதை அவரைத் தவிர வேற யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.