கென்யாவுக்குப் போக ஒன்றரை லட்சமா?

கேள்வி: திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெண்கள் முன்னேற்றத்துக்காக உலக அளவில் வேலை செய்யும் அமைப்பு ஒன்றில் தன்னார்வலராகச் சேர ஆசை. கோடை விடுமுறையில் கென்யாவுக்குப் போய் 3 வாரம் கிராமப் பெண்களுக்குத் தொழில் பயிற்சி தரலாம் என்கிறது ஒரு ஏஜென்சி. கட்டணம் ஒன்றரை லட்சம், விமான டிக்கெட் தனி. சான்றிதழ் தருவார்களாம், வெளிநாட்டு மேற்படிப்புக்கு உதவுமாம். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்பாவோ, ‘பொம்பளப் பிள்ளை தனியா ஆப்பிரிக்காவுக்கா?’ என்கிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். அப்பா சொல்லும் காரணத்துக்காக இல்லை. ஆப்பிரிக்கா என்றாலே ஆபத்து என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு, அது தனிக் கதை. எனக்கு இடிப்பது அந்த 3 வாரம்தான். நீங்கள் இதுவரை ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை, சுவாஹிலியும் தெரியாது. வருஷக்கணக்காகச் சந்தையில் தக்காளி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்ணுக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள்.

ராஜஸ்தானில் திலோனியா என்று ஒரு கிராமம். சமூகச் செயல்பாட்டாளர் பங்கர் ராய் 1972-ல் தொடங்கிய ‘பேர்ஃபுட் காலேஜ்’ அங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் அங்கே வந்து, சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு போனார்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் பெரிய படிப்பு இல்லாத கிராமத்துப் பெண்கள்தான். இரு தரப்புக்கும் பொதுவான மொழி கிடையாது. பாகங்களை நிறம் வைத்து அடையாளம் கண்டார்கள், மற்றதெல்லாம் சைகை. பயிற்சி 6 மாதம். பயணச் செலவை இந்திய அரசு ஏற்றது. அது ஏன் பாட்டிகள்? இளவட்டம் கையில் சான்றிதழ் வந்ததும் டவுனுக்குக் கிளம்பிவிடும், பாட்டிதான் ஊர் திரும்பி விளக்கை எரிய வைப்பார் என்பது ராயின் கணக்கு. உங்கள் கடிதத்தில் ‘சான்றிதழ்’ என்று படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஏஜென்சியைக் கேளுங்கள்: கென்யாவில் எந்த அமைப்போடு வேலை? ஒன்றரை லட்சத்தில் அவர்களுக்குப் போவது எவ்வளவு? நான் ஊர் திரும்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள்? எந்த வகை அனுமதியில் போக வேண்டும்? சுற்றுலாப் பயணியாக வந்து தொண்டு வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. மழுப்பினால் அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, வேறு வழி? ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் திட்டத்தில் வீட்டிலிருந்தே இணையம் வழியாகச் செய்யும் வேலைகள் உண்டு. 18 வயது ஆகியிருந்தால் போதும், வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது. பெண்கள் அமைப்புகளின் கோரிக்கைகளும் அதில் வரும். ‘பெண்களை முன்னேற்றுகிறேன்’ என்று எழுதாதீர்கள். எக்செல்லில் வரவு செலவை ஒழுங்குபடுத்துவேன், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன் என்று கையில் இருப்பதைச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் அனுமதி கேட்டுச் சில மாதம் போய் உட்காருங்கள். உள்ளூர்தானே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரியில் தொடங்கியதே ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடுதான். தீர்மான நோட்டைப் புரட்டுங்கள். சேமிப்பு எவ்வளவு, அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் யாருக்கு, தவணை தவறியவரிடம் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்போது விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வங்கிக்குப் போகும்போது கூடப் போங்கள். அங்கே மேலாளர் அறைக்கு வெளியே எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சில மாதம் இப்படிப் பழகினால் மேற்படிப்பு விண்ணப்பத்தில் சொந்தமாக எழுத நாலு விஷயம் இருக்கும். 3 வாரச் சான்றிதழை வைத்து என்ன எழுத முடியும்?

அப்பாவிடம், ‘இந்த ஏஜென்சி வழியாகப் போகவில்லை, ஆனால் பிறகு ஒரு நாள் போவேன்’ என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், பாஸ்போர்ட் இல்லையென்றால் எடுத்து வையுங்கள். அதற்கு 1,500 ரூபாய்தான்.