லைட்வெயிட் டூரிங் ஸ்கீ: எங்க எடையைக் குறைக்கலாம், எங்க குறைக்கக் கூடாது

லிஃப்ட் இல்லாத மலையில ஸ்கீக்கு அடியில ஸ்கின் (பின்னால வழுக்காம பிடிச்சுக்கிற, முடி வச்ச பட்டை) ஒட்டி ஏறி, உச்சியில அதைக் கழட்டிட்டு அதே ஸ்கீயில இறங்குறோமே, அந்த டூரிங்குக்கு லைட்டான ஸ்கீ வாங்குறது, பராமரிக்கிறது பத்தி நீங்க கேட்டதுக்கெல்லாம் வரிசையா பதில் போடுறேன். ஒரே மாதிரி கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன்.

அண்ணா, ரிசார்ட்ல நல்லா ஓட்டுவேன், டூரிங் இப்பதான் ஆரம்பிக்கிறேன். ஒத்த ஸ்கீ ஒரு கிலோகூட வராத மாடல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமா?

இப்போதைக்கு வேணாம் தம்பி. அந்த எடையில வர்றது பெரும்பாலும் ஏறுறதை மட்டும் மனசுல வச்சு செஞ்சது, ரேஸ் ஸ்கீன்னா பூட்ஸ் நிக்கிற இடத்துல அகலம் 65 மிமீ பக்கம்தான் இருக்கும். ஏறும்போது சுகமா இருக்கும், ஆனா இறங்கும்போது பனி இறுகிக் கிடந்தாலோ, முன்னாடி போனவங்க தடம் உறைஞ்சு போயிருந்தாலோ, அந்த அதிர்வை அடக்குற எடை அதுல இல்லை, ஸ்கீ உங்க பேச்சைக் கேக்காம அது பாட்டுக்கு திசை மாறும். முதல் ஸ்கீன்னா ஒண்ணு 1.2ல இருந்து 1.4 கிலோ, அகலம் 85-90 மிமீ, நீளம் உங்க உயரத்தை விட 5-10 செமீ கம்மி. இதுல பெரும்பாலான பனியில தைரியமா இறங்கலாம், செங்குத்தான சரிவுல கிக் டர்ன் (நின்ன இடத்துலயே ஒவ்வொரு காலா தூக்கித் திரும்புறது) போடவும் நீளம் இடிக்காது.

அப்போ எடையை எங்கதான் குறைக்கிறது?

பைண்டிங்லயும் (பூட்ஸை ஸ்கீயோட பூட்டுற பாகம்) பூட்ஸ்லயும். பழைய ஃப்ரேம் பைண்டிங்ல ஒவ்வொரு அடிக்கும் குதிகால் பாகத்தையும் சேத்து தூக்குவீங்க. பின் பைண்டிங்ல (பின்னுங்கறது சின்ன உலோக முனை; ஆஸ்திரியாக்காரர் ஃப்ரிட்ஸ் பார்தெல் 1980கள்ல கண்டுபிடிச்சது) பூட்ஸ் முனையை மட்டும் ரெண்டு பின் பிடிச்சுக்கும், குதிகால் பாகம் ஸ்கீயிலயே நின்னுடும். ஒண்ணு 250-400 கிராம்ல நல்லதே கிடைக்குது. பூட்ஸ் ஒண்ணு 1.1-1.4 கிலோ இருந்தா போதும், ஆனா எடையை விட முக்கியம் வாக் மோட்ல (பூட்ஸை நடக்கறதுக்குத் தளர்த்தி வைக்கிற நிலை) கணுக்கால் எவ்வளவு தாராளமா முன்னும் பின்னும் போகுதுங்கறது. காசு ஒரு இடத்துக்குத்தான் பத்தும்னா பூட்ஸுக்குப் போடுங்க. பொருந்தாத பூட்ஸை வச்சுகிட்டு எவ்வளவு லைட்டான ஸ்கீ வாங்கினாலும் பாதி வழியில கால் புண்ணாகி திரும்பிடுவீங்க.

சார், இறங்கும்போது பைண்டிங்ல முன்னாடி இருக்கிற பின்ல இருந்து பூட்ஸ் தானாவே கழண்டுக்குது. ஸ்பிரிங் போயிடுச்சா? டோவை (பூட்ஸ் முனையைப் பிடிக்கிற முன்பாகம்) லாக் பண்ணிட்டே இறங்கலாமா?

லாக் பண்ணிட்டு இறங்காதீங்க, தயவுசெஞ்சு. லாக் ஏறுறதுக்கு. பூட்ஸ் கழண்டு வரவேண்டிய நேரத்துல வராம போச்சுன்னா முறியறது கால் எலும்பு, பனிச்சரிவுல மாட்டினா ஸ்கீ உங்களை உள்ள இழுத்துட்டுப் போகும்.

ஸ்பிரிங்கை சந்தேகப்படுறதுக்கு முன்னாடி ஐஸைப் பாருங்க. டோவோட ரெண்டு கைக்கு அடியில பனி புகுந்து, மிதிபட்டு ஐஸாகிடும், அதனால கை முழுசா மூடாது, பூட்ஸ் ஓட்டைக்குள்ள பின் அரைகுறையா நிக்கும், வெளிய பாத்தா சரியா மாட்டின மாதிரியே தெரியும். பூட்ஸ் ஓட்டையிலயும் பனியோ மண்ணோ அடைச்சிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டையும் சுரண்டி எடுங்க, டோவை மாட்டினதும் லாக் போடாம குதிகாலைத் தூக்கி பூட்ஸை நாலு தடவை முன்னும் பின்னும் ஆட்டுங்க, அதுலயே மிச்சம் வெளிய வந்துடும். அப்பவும் கழண்டா பூட்ஸ் ஓட்டை தேஞ்சிருக்கான்னு பாருங்க, அடுத்தது குதிகால் இடைவெளி, அதாவது பூட்ஸ் குதிகாலுக்கும் பைண்டிங்கோட குதிகால் பாகத்துக்கும் நடுவுல உள்ளது. அது மாடலுக்கு மாடல் மாறும், 4 மிமீ, 5.5 மிமீ, சிலதுல இடைவெளியே இல்லை, மேனுவல்ல உள்ளதை அப்படியே வைக்கணும். புதுசா வாங்குறவங்க ஐஎஸ்ஓ 13992 சான்று (டூரிங் பைண்டிங்குக்கான பாதுகாப்புத் தரம்) இருக்கான்னு பாத்து வாங்குங்க, ரிலீஸ் நம்பர் (எவ்வளவு விசையில கழண்டுக்கும்னு காட்டுற எண்) போட்டிருக்கிற எல்லாத்துக்கும் அது கிடையாது.

பைண்டிங்கை வீட்லயே டிரில் பண்ணி மாட்டலாமா?

லைட் ஸ்கீன்னா கடையில குடுங்க. எடை குறைக்க உள்ள பாலோனியா மாதிரி மெத்து மரம் போடுறாங்க, அதுல ஸ்க்ரூ பிடிப்பு கம்மி, ஒரு தடவை ஓட்டை பெருசாச்சுன்னா சரி பண்றது கஷ்டம். மெட்டல் லேயர் இருந்தா 4.1 மிமீ பிட், இல்லாட்டி 3.5 மிமீ, சரியான அளவு ஸ்கீ மேலயே அச்சடிச்சிருக்கும். ஓட்டையில பசை விட்டு முறுக்குறாங்களான்னு கேளுங்க. அது பிடிமானத்துக்கு மட்டும் இல்ல, தண்ணி மரத்துக்குள்ள இறங்காம இருக்கவும்தான்.

ஸ்கின் பத்தி நெறைய பேர் கேட்டது: மொஹேரா நைலானா, பசை விடுது, அடியில பனி கட்டி கட்டியா ஒட்டுது

மொஹேர் அங்கோரா ஆட்டு முடி, நல்லா வழுக்கிட்டுப் போகும், எடையும் கம்மி. நைலான் பிடிமானம் அதிகம், சீக்கிரம் தேயாது. ரெண்டும் கலந்ததுதான் பெரும்பாலானவங்களுக்கு சரி. வெட்டும்போது ரெண்டு பக்கமும் மெட்டல் எட்ஜ் மட்டும் வெளிய தெரியணும், எட்ஜையும் மூடிட்டா இறுகின சரிவுல குறுக்க நடக்கும்போது வழுக்கிடும்.

பசை விடுறதுக்குக் காரணம் முக்காவாசி ஈரம்தான். ஸ்கின் ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்கீ அடிப்பக்கத்தை ஜாக்கெட் கையாலயாவது துடைங்க, உச்சியில கழட்டினதும் பையில போடாம ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வைங்க, சூட்டுல பசை உசுரோட இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ரூம் சூட்டுல தொங்க விடுங்க. ஹீட்டர் மேல, அடுப்புப் பக்கத்துல காய வச்சா பசை உருகி முடிக்குள்ள இறங்கிடும், அப்புறம் பழைய பசையை மொத்தமா உரிச்சுட்டு புதுசு போடணும். சீசன் முடிஞ்சா பசைப் பக்கம் வலை ஷீட் வச்சு குளிர்ச்சியான, காஞ்ச இடத்துல வைங்க.

கட்டி ஒட்டுறது வெயில்ல நனைஞ்ச ஸ்கின் நிழல்ல இருக்கிற குளிர்ந்த பவுடர் பனிக்குள்ள போகும்போது நடக்கும். ஸ்கின் வாக்ஸை முடி படிஞ்ச திசையில தேய்ச்சுட்டு கிளம்புங்க, வழியில ஒட்டிட்டா ஸ்கீ எட்ஜ்ல வழிச்சு எடுத்துட்டு மறுபடி தேய்ங்க.

வாக்ஸ், எட்ஜ் எல்லாம் சாதாரண ஸ்கீ மாதிரியேதானா?

அதேதான், ஆனா கை மெதுவா. லைட் ஸ்கீயில பேஸும் (அடிப்பக்கம்) எட்ஜும் மெல்லிசு, அயர்ன் ஒரே இடத்துல நின்னா பேஸ் வெந்துடும், ஓட்டிட்டே இருங்க. எட்ஜை வருஷா வருஷம் ஃபைல் போட்டுத் தேய்க்காதீங்க, டைமண்ட் ஸ்டோன்ல பிசிறு எடுத்தாலே பெரும்பாலும் போதும். துருவுக்கு கம் ஸ்டோன் (ரப்பர் மாதிரி தேய்ப்புக் கட்டி). சீசன் முடிவுல வாக்ஸை எட்ஜ் மேலயும் சேத்து தடிமனா பூசி, சுரண்டாம அப்படியே விட்டுடுங்க.

கல்லுல உரசி உள்ள மரம் தெரியுது, நாளைக்கே போகணும்...

மரம் தெரிஞ்சா நாளைக்குப் போகாதீங்க. முதல்ல நல்லா காயணும், ஈரத்தோட மூடினா உள்ள இருந்தே லேயர் பிரியும். காஞ்சதும் சின்னதுன்னா எபாக்ஸி, பெருசுன்னா கடையில பேஸ் துண்டு வச்சு ஒட்டுவாங்க. மரம் தெரியாத வெறும் கீறலுக்கு பீடெக்ஸ் (பேஸை அடைக்கிற பிளாஸ்டிக்) உருக்கி விட்டாலே ஆச்சு.

எடை குறைக்க மண்வெட்டியை விட்டுட்டுப் போலாமா? குழுவுல ஒருத்தர்கிட்ட இருக்கே

கூடாதுங்க. அந்த ஒருத்தர் பனிச்சரிவுல புதைஞ்சா அவர் பையில இருக்கிற மண்வெட்டியும் சேந்துதான் புதையும். பீக்கன் (புதைஞ்சவரைக் கண்டுபிடிக்க உதவுற சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள்ள குத்திப் பாக்குற நீளக் கம்பி), மண்வெட்டி மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும், மண்வெட்டி பிளேடு மெட்டல்ல இருக்கணும். பையை லைட் ஆக்கணும்னா துணியைக் குறைங்க, ரெண்டு பேருக்கு ஒரு ரிப்பேர் கிட் வைங்க: உங்க பைண்டிங் ஸ்க்ரூவுக்குப் பொருந்துற பிட், ரெண்டு ரப்பர் ஸ்ட்ராப், கொஞ்சம் ஸ்டீல் வூல், எபாக்ஸி. ஸ்க்ரூ பிடுங்கிட்டு வந்தா ஓட்டையில ஸ்டீல் வூலைத் திணிச்சு எபாக்ஸியோட முறுக்கி இறங்கிடலாம், ஸ்கின் வால் பக்கம் பிரிஞ்சா ஸ்ட்ராப்பால கட்டிட்டு ஏறிடலாம்.