‘குறை’ என்று நாம் சொல்வதும் சட்டம் சொல்வதும் ஒன்றுதானா?

இல்லை. பேச்சு வழக்கில் ‘குறை’ தாராளமான சொல். சாம்பாரில் உப்பு குறை, சம்பந்தி வீட்டாருக்கு மனக்குறை, ஆட்சியரிடம் குறைதீர் மனு என எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அளவுகோல் நம் எதிர்பார்ப்புதான்.

சட்டத்துக்கு அது போதாது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை போன்றவற்றில் உள்ள குறை கணக்கில் வர வேண்டுமானால், அந்தத் தரத்தை ஏதேனும் ஒரு சட்டமோ ஒப்பந்தமோ கேட்டிருக்க வேண்டும். அல்லது விற்றவரே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, சொல்லாமலே விளங்குவதும் சேரும்.

கைத்தறிப் புடவையில் ஓர் இழை சற்றுப் பிசகியிருந்தால் அது பெரும்பாலும் நெசவின் இயல்பு. அதையே ‘சுத்தப் பட்டு’ என்று விற்று, உள்ளே பாலியஸ்டர் கலந்திருந்தால் சட்டப்படி குறை. வேடிக்கை என்னவென்றால், கண்ணை உறுத்துவது வழக்கில் நிற்காமல் போகலாம். கண்ணுக்கே தெரியாதது நிற்கும்.

சேவையில் வரும் குறைபாட்டுக்குத் தனி வரையறை உண்டு. கட்டணம் பெறும் மருத்துவமும் சேவையே என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நோய் தீரவில்லை என்பது மட்டுமே குறைபாடாகாது. உரிய கவனம் தவறியதை நிறுவ வேண்டும். புகார் செய்யப் பொதுவாக 2 ஆண்டுகள் அவகாசம்.