பனித்தரையிலும் கதாபாத்திரம் வழுக்கவில்லையா?

கேள்வி: யூனிட்டி கேம் எஞ்சினில் ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். பனித்தரையின் உராய்வைச் சுழியமாக்கிவிட்டேன். ஆனாலும் பட்டனை விட்டதும் கதாபாத்திரம் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. எப்படி வழுக்க வைப்பது?

பதில்: உராய்வு எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் கதாபாத்திரத்தை நகர்த்துவது பிசிக்ஸ் எஞ்சின் இல்லை, உங்கள் ஸ்கிரிப்ட். கதாபாத்திரத்தை நகர்த்த யூனிட்டி தரும் கேரக்டர் கன்ட்ரோலர், தரையின் பிசிக் மெட்டீரியலை (உராய்வு எண் இருக்கும் இடம்) கண்டுகொள்வதே இல்லை. பிசிக்ஸ் எஞ்சினுக்குக் கட்டுப்படும் ரிஜிட்பாடி வைத்திருந்தாலும், ஒவ்வொரு ஃப்ரேமிலும் திசைவேகத்தை நேரடியாக எழுதினால் அதே கதைதான். பட்டனை விட்டதும் சுழியம் எழுதப்படுகிறது, ஆள் நின்றுவிடுகிறார்.

உண்மையில் வழுக்கும்போது என்ன நடக்கிறது? கால் தரையைத் தள்ளினால்தான் உடலின் வேகமோ திசையோ மாறும். அந்தத் தள்ளலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: உராய்வுக் குணகத்தை 9.8-ஆல் பெருக்கினால் கிடைக்கும் முடுக்கம். காய்ந்த தரைக்குக் குணகம் 0.7 என்றும் பனிக்கு 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வருபவர் காய்ந்த தரையில் 2 மீட்டருக்குள் நின்றுவிடலாம். பனியில் நிற்க 5 நொடி ஆகும், அதற்குள் கிட்டத்தட்ட 13 மீட்டர் போயிருப்பார்.

ஆக, கோடில் இரண்டு திசைவேகங்கள் வேண்டும்: பட்டன் கேட்பது ஒன்று, உடலுக்கு இப்போது இருப்பது ஒன்று. சீரான இடைவெளியில் ஓடும் ஃபிக்ஸ்டு அப்டேட்டில், இரண்டாவதை முதலாவதை நோக்கி வெக்டர்3-இன் மூவ்டுவர்ட்ஸ் (ஒரு மதிப்பை இலக்கை நோக்கி, சொன்ன அளவுக்கு மேல் போகாமல் நகர்த்தும் ஃபங்ஷன்) கொண்டு நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு முடுக்கம் × டெல்டா டைம் (ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம்) அளவுக்கு மேல் மாறக் கூடாது. தரைமட்டத் திசைகளான எக்ஸ், இசட் இரண்டையும் தனித்தனியாக மாற்றாதீர்கள். அப்படிச் செய்தால் மூலைவாக்கில் மட்டும் 1.41 மடங்கு பிடிமானம் கிடைத்துவிடும். மேல்-கீழ் திசையான ஒய்-ஐ இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சேர்த்தால் குதித்தவர் பலூன்போல மெதுவாக இறங்குவார்.

ஃப்ரேமுக்கு 0.1 என்று லெர்ப் போடும் (மீதமுள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு ஃப்ரேமிலும் குறைக்கும்) பழக்கம் பலருக்கு உண்டு. நொடிக்கு 30 ஃப்ரேமில் ஒரு மாதிரி, 60-இல் வேறு மாதிரி வழுக்கும். அப்புறம், அதிகபட்ச வேகத்தில் கை வைக்காதீர்கள். அதைக் குறைத்தால் அது பனி இல்லை, சேறு.

பனிக்கான முடுக்கம் நிஜத்தில் 1-க்குப் பக்கம் வரும். விளையாடுபவருக்கு அது எரிச்சல். நான் 3-இல் தொடங்குவேன். காற்றில் இருக்கும்போது கிடைக்கும் கட்டுப்பாடு அதைவிடக் குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் ஆட்கள் குதித்துக் குதித்தே திரும்பக் கற்றுக்கொள்வார்கள்.

இவ்வளவு செய்தும் பொம்மையை இழுத்துப்போவது போலத் தெரிந்தால், குறை அனிமேஷனில் இருக்கிறது. வழக்கமாகக் கால் தரையில் தேய்ந்து நகர்வது பிழை. இங்கே நமக்கு வேண்டியதே அதுதான். ஓட்ட அனிமேஷனின் வேகத்தை உடலின் வேகத்தோடு கட்டாமல், பட்டன் கேட்கும் வேகத்தோடு கட்டுங்கள். வலப்பக்கம் ஓடுபவரை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முகம் உடனே திரும்பும், கால்கள் இடப்பக்கம் ஓட ஆரம்பிக்கும், உடலோ வலப்பக்கமே சறுக்கிக்கொண்டு போகும். ஒன்றரை நொடிக்கு மேல் அந்தத் தத்தளிப்பு நீடிக்கும். பாதத்தைத் தரையில் பூட்டும் ஐகே (இன்வர்ஸ் கினமேடிக்ஸ்) இருந்தால் பனியில் அணைத்துவிடுங்கள். பட்டன் எதுவும் அழுத்தாமல் சறுக்கும்போது சாதாரண நிற்கும் போஸ் ஒட்டாது. கால்களை அகட்டி, கைகளை விரித்த ஒரு போஸ் தனியாக வேண்டும்.

சரிவு இருந்தால் இன்னொரு வரி சேருங்கள். 9.8 × சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பு அளவுக்குக் கீழ்நோக்கிய முடுக்கத்தை உடலின் திசைவேகத்தில் கூட்டிவிட்டு, அதன் பிறகு மூவ்டுவர்ட்ஸ் ஓடட்டும். முடுக்கம் 3 என்றால் சுமார் 18 டிகிரி சரிவு வரை அவர் நிற்பார், அதற்கு மேல் தானாகவே கீழே வழுக்கத் தொடங்குவார்.