மூடி திறந்த கேன் சாட்சி சொல்லாது

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். ஒன்றரை வருடமாக ஒரே கம்பெனியின் 20 லிட்டர் கேன்தான். என் மகளுக்கு 11 வயது, முன்பற்களில் பழுப்புக் கறை. தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்த்தால் புளோரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். கேட்கப்போன கணவரைக் கம்பெனிக்காரர் கண்டபடி பேசினார். ரிப்போர்ட்டைக் கம்பெனி பெயரோடு தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இப்போது அவதூறு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டில் 10 லட்சம் கேட்கலாமா?

பதில்: நாலு பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் கம்பெனிக்காரர் பேசிய பேச்சு. அதை விடுங்கள் அம்மா. எனக்கு வேண்டியது ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரி: மாதிரி வாடிக்கையாளர் கொண்டுவந்தது, முடிவு அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.

பாட்டில், கேன் தண்ணீருக்கான ஐ.எஸ். 14543 என்ற இந்தியத் தர விதிப்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 1.8 தப்புதான், அது அவர்கள் கேன் தண்ணீராக இருந்தால். சீலை உடைத்து, பாதி குடித்த பிறகு, பழைய ஜூஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "அது உங்கள் வீட்டு போர் தண்ணீர் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வி கேட்டால் போதும். நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீரில் புளோரைடு உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

பல் விஷயம் இன்னும் மோசம். பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான் புளோரைடு எனாமலைக் கெடுக்கும். முன்பற்களுக்கு அது நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். மகள் ஒன்பது வயது வரை ஓமலூர் பக்கம் பாட்டி வீட்டில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தாள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, குறுக்கு விசாரணையில் முதலில் வருவது அதுதான். 10 லட்சத்தை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து அந்த வாட்ஸ்அப் பதிவு. ஏற்காட்டில் விடுதி வைத்திருக்கும் ஒருவர், என்னிடம் வழக்குக் கொடுத்தவர், தண்ணீர் பாட்டிலில் தூசி மிதப்பதை வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டு, பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டார். கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. மூன்று வருடம் வாய்தாவுக்கு வாய்தா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. உண்மையைத்தான் சொன்னேன் என்றால் மட்டும் போதாது. அது உண்மை, பொதுநன்மைக்காகச் சொன்னது, இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கையில் இருப்பதோ அதே ஜூஸ் பாட்டில் ரிப்போர்ட்.

அதைவிடப் பெரிய குழி ஒன்று. "இவ்வளவு கொடு, இல்லாவிட்டால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் போவேன்" என்று போனில் பேசிவிடாதீர்கள். ரிக்கார்ட் செய்துகொண்டு, மிரட்டிப் பணம் பறித்ததாகப் போலீசுக்குப் போவார்கள்.

என் யோசனை, சமாதானம். பதிவை நீக்குங்கள், ஆனால் ரிப்போர்ட் பொய் என்று எங்கும் எழுதாதீர்கள். நோட்டீஸுக்கு ஒரு வக்கீல் மூலம் சுருக்கமாகப் பதில் அனுப்பி, கேன் டெபாசிட்டைத் திருப்பித் தரவும், வழக்கில்லை என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடவும் கேளுங்கள். இனி புகாரே கொடுக்கமாட்டேன் என்ற வரியை மட்டும் சேர்க்க விடாதீர்கள்.

மனசு ஆறவில்லை என்றால் பில்லோடு புதுக் கேன் வாங்குங்கள். பரிசோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்தில் சொல்லுங்கள்; உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-ஆவது பிரிவு அதைக் கேட்கிறது. சீல் பிரிக்காமல் அதிகாரியிடம் போங்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் சேலத்திலேயே இருக்கிறது. அதில் கம்பெனி மாட்டினாலும் அபராதம் அரசுக்குத்தான்.

நோட்டீஸில் 15 நாள் கெடு. நீங்கள் கடிதம் எழுதிய அன்றே ஒன்பது நாள் போய்விட்டது.